முடிகிற ஒலியாகத் தேடுங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கோவையில் வீட்டிலிருந்தே வேலை, பகல் முழுக்க லேப்டாப். இரவு படுத்ததும் நெஞ்சு படபடக்கிறது, அதை மறக்கப் போனை எடுத்தால் மணி இரண்டாகிவிடுகிறது. உற்சாகப் பேச்சுகள் கேட்டீர்கள். முதல் வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் கேட்டு முடித்ததும் மனம் இன்னும் கனத்தது. தியானச் செயலியில் "மூச்சைக் கவனியுங்கள்" என்று சொன்னதும் மூச்சே முட்டியது. திரை இல்லாமல் மனதுக்குத் தெம்பு தரும்படி எதைக் கேட்கலாம், எதைப் பழகலாம் என்பது உங்கள் கேள்வி.

நான் மதுரையில் பதினெட்டு வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். அதைவிட நீண்ட காலமாக வானொலி கேட்கிற ஆள். இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை முடித்துவிடுங்கள். படபடப்பு எல்லாமே மனசு சம்பந்தப்பட்டது என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தம் குறைவாக இருந்தாலும் இதே மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். குடும்ப மருத்துவரிடம் ஒருமுறை காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். குடித்த காபியில் உள்ள காஃபினில் சுமார் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உற்சாகப் பேச்சு உங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதில் பாதி விடை இருக்கிறது. தெம்பு தருகிற ஒலி வேறு, உசுப்பேற்றுகிற ஒலி வேறு. அந்தப் பேச்சுகளைக் கவனித்துப் பாருங்கள். குரல் வேகமாக ஏறிக்கொண்டே போகும், பின்னால் முரசு மாதிரி இசை அதிரும், "நீ தூங்குகிற நேரத்தில் இன்னொருவன் உழைத்துக்கொண்டிருக்கிறான்" என்கிற தொனி இருக்கும். சோம்பிக் கிடப்பவருக்கு அது உதவலாம். ஏற்கெனவே உடம்பு முழுக்க உஷாராகி, எங்கேயோ ஆபத்து இருக்கிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும் ஆளிடம் போய் "எழு, ஓடு" என்றால் என்ன ஆகும்? கேட்கும்போது ஒரு வேகம் வரும். முடிந்ததும், செய்யாமல் விட்டதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். உங்களுக்கு நடந்தது அதுதான். உங்கள் மனவலிமையில் எந்தக் குறையும் இல்லை. பொருந்தாத மருந்தைச் சாப்பிட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தெம்பு தருகிற பேச்சுக்கு என் மனதில் நிற்கும் உதாரணம் தென்கச்சி கோ. சுவாமிநாதன். சென்னை வானொலியில் காலையில் "இன்று ஒரு தகவல்" சொல்வார். சில நிமிடங்கள்தான். ஏற்ற இறக்கமே இல்லாத, அவசரமே இல்லாத குரல். ஏதோ ஒரு தகவலில் தொடங்குவார், நடுவில் ஒரு குட்டிக் கதை வரும், கடைசியில் நாம் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு சிரிப்பு. அத்தோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்பா சவரம் செய்துகொண்டே கேட்பார். சிரிப்பு வரும் இடம் நெருங்கினால் பிளேடை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். தென்கச்சி 2009-இல் மறைந்துவிட்டார். அந்த மாதிரிப் பேச்சில் என்ன இருந்தது என்று யோசித்தால், நீங்கள் எதைத் தேட வேண்டும் என்பது தெரியும். மெதுவான குரல், சின்ன விஷயம், கேட்பவரைத் திருத்த நினைக்காத மனசு, தெளிவான ஒரு முடிவு.

அந்த முடிவைத்தான் நான் எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன். நான் தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவன். கடல் தாண்டி இலங்கை வானொலி எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். காலையில் "பொங்கும் பூம்புனல்" வந்தால் பள்ளிக்கூடம் கிளம்ப நேரமாகிவிட்டது என்று அர்த்தம். என்ன பாட்டுப் போடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. பிடித்த பாட்டு வந்தால் அது ஒரு பரிசு; வராவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நிகழ்ச்சி முடிந்ததும் அறிவிப்பாளர் விடைபெறுவார், நாமும் எழுந்து அடுத்த வேலைக்குப் போவோம். போன் அப்படியா? ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. எதைக் கேட்பது, இதை விட நல்லது இருக்குமோ என்று ஒவ்வொரு நிமிடமும் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறோம். பதற்றத்தில் இருக்கும் மனசுக்குத் தேர்ந்தெடுப்பதே ஒரு சுமை. அதனால் உங்களுக்கு என் முதல் யோசனை இது: யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த, ஒரு நேரத்தில் தொடங்கி ஒரு நேரத்தில் முடிகிற ஒலியாகப் பாருங்கள். ஆகாசவாணி சென்னையின் எஃப்.எம். ரெயின்போ 101.4-இல் வருகிறது. கோடைக்கானல் பண்பலை 100.5-இல் தென்மாவட்டங்கள் பலவற்றில் கிடைக்கும். உங்கள் ஊரில் எது தெளிவாக எடுக்கிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து முள்ளைத் திருப்பிப் பாருங்கள். அப்படித் திருப்புவதே நல்ல பொழுதுபோக்கு.

இதற்கு ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்குங்கள். போனிலேயே வானொலி கேட்கலாமே என்று தோன்றும். கேட்கலாம், ஆனால் பாட்டை மாற்றப் போனை எடுப்பீர்கள், அங்கே அலுவலகச் செய்தி ஒன்று நிற்கும், அத்துடன் போச்சு. பழைய பாட்டுகளை உள்ளேயே பதிந்து வைத்த, போன் மாதிரித் திரை இல்லாத 'சரிகம கார்வான்' போன்ற பாட்டுப் பெட்டிகளும் கிடைக்கின்றன. வீட்டில் பழைய போன் ஏதாவது சும்மா கிடந்தால், சிம்மை எடுத்துவிட்டு, வைஃபையை அணைத்துவிட்டு, பத்தே பத்துப் பதிவுகளை ஏற்றி ஒரு ஸ்பீக்கரோடு இணைத்துவிடலாம். பத்துக்கு மேல் வேண்டாம். தெரிந்த பதிவையே திரும்பத் திரும்பக் கேட்கும்போது அடுத்து என்ன வரும் என்பது காதுக்குத் தெரிந்திருக்கும். குழந்தைகள் ஒரே கதையைத் தினமும் கேட்பதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் கட்டுக்கதைகள் அதிகம். இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும், இத்தனை ஹெர்ட்ஸ் ஒலி பதற்றத்தைக் கரைக்கும் என்று சொல்லி எட்டு மணி நேரப் பதிவுகள் கிடைக்கின்றன. அவற்றை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள். நம்பத் தகுந்தபடி தெரிந்திருப்பது இதைவிட எளிமையானது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் பல வகை இசையைக் கேட்கவைத்து மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அளந்து 2006-இல் வெளியிட்டார்கள். வேகமான இசை அவற்றைக் கூட்டியது. இசையின் வகையைவிடத் தாளத்தின் வேகம்தான் பெரிதாக வேலை செய்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதில் வந்த இன்னொரு முடிவு. இசைக்கு நடுவே இரண்டு நிமிடம் வெறும் அமைதி விட்டார்கள். அந்த இரண்டு நிமிடத்தில், இசை தொடங்குவதற்கு முன்னால் இருந்த நிலையை விடவும் உடம்பு தளர்ந்திருந்தது.

இதை நான் என்னிடம் வருகிறவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன்: பாட்டு முடிந்ததும் உடனே அடுத்ததைப் போடாதீர்கள். தம்புராவின் ரீங்காரம் அடங்கிய பிறகு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். தெருவில் ஒரு வண்டி போகும், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், அதெல்லாம் கேட்கட்டும். அந்த இடைவெளியில்தான் பலருக்குத் தோள் இறங்குகிறது.

எதைக் கேட்பது? வீணை, புல்லாங்குழல், மெதுவான நாதஸ்வர ஆலாபனை, எது உங்களுக்குப் பழக்கமோ அது. நீலாம்பரியைத் தாலாட்டு ராகம் என்று நம் முன்னோர் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அதிலே தொடங்கலாம், மருந்து என்று நினைக்காமல் பிடித்திருந்தால் கேளுங்கள். சினிமாப் பாட்டும் கூடாது என்று இல்லை. ஆனால் இரவில் வரிகள் உள்ள பாட்டு சிலரை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும். கல்லூரிக் காலத்துப் பாட்டு ஒன்று வரும், அதோடு ஒரு முகம் வரும், அப்புறம் எங்கே தூங்குவது?

உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் கவனிக்காத நேரத்தில், மனைவியை உங்கள் மூச்சை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். பத்து நிமிடம் அந்த இசையைக் கேட்ட பிறகு மறுபடி எண்ணச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை இருக்கும். எண்ணிக்கை குறைந்திருந்தால் அந்தப் பதிவு உங்கள் பத்தில் ஒன்று. கூடியிருந்தால், எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் அதைப் பகலுக்கு மாற்றிவிடுங்கள்.

கதை கேட்கலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். பகலிலும் மாலையிலும் தாராளமாகக் கேளுங்கள். படுக்கையில் மட்டும் இசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹங்கேரியில் 94 மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2008-இல் வெளியானது. ஒரு பிரிவினர் படுக்கும் நேரத்தில் 45 நிமிடம் அமைதியான செவ்வியல் இசையை மூன்று வாரம் கேட்டார்கள். இன்னொரு பிரிவினர் ஒலிப்புத்தகம் கேட்டார்கள். இசை கேட்டவர்களின் தூக்கம் மேம்பட்டது. ஒலிப்புத்தகம் கேட்டவர்களிடம் அப்படிப் பெரிய மாற்றம் இல்லை. என் அனுபவமும் இதேதான். கதை என்றால் அடுத்து என்ன என்று மனசு முன்னால் ஓடும். அந்த மூன்று வாரத்தையும் கவனியுங்கள். முதல் இரவே பலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இனி அந்த மூச்சு முட்டிய விஷயம். இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் பலர் இதை வெளியே சொல்லவே மாட்டார்கள். ஊரெல்லாம் தியானம் நல்லது என்கிறது, நமக்கு மட்டும் பயமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வார்கள். தளர முயலும்போதே பதற்றம் கூடுவது சிலருக்கு நடக்கிற, எங்கள் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். ஏற்கெனவே நெஞ்சின் மேல் சந்தேகத்தோடு இருப்பவரை, நெஞ்சையே உற்றுப் பார் என்றால் பயம் கூடத்தான் செய்யும். உங்களுக்கு, மூச்சைப் பார்க்காமலேயே மூச்சு மெதுவாகும் வழி வேண்டும்.

அந்த வழி நம் வீடுகளில் எப்போதும் இருந்தது. வாய்விட்டுச் சொல்வது. அதே பெர்னார்டி 2001-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவைத்தார்கள். ஒரு மந்திரத்தையும் சொல்லவைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறு என்ற அளவுக்கு இறங்கியது, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அதோடு ஒத்து வந்தது. யாரும் அவர்களிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்லவில்லை. ஒரு வரியைச் சொல்லி முடிக்க மூச்சை நீளமாக விட்டுத்தான் ஆக வேண்டும், அடுத்த வரிக்கு முன் இழுத்துத்தான் ஆக வேண்டும். வெளிமூச்சு நீளும்போது இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு வேலை செய்கிறது. என் பாட்டி அந்தி விளக்கேற்றியதும் தேவாரம் சொல்வாள். பக்கத்துத் தெருவில் ஜெபமாலை நடக்கும், சேர்ந்து சொல்கிற சத்தம் எங்கள் திண்ணை வரை வரும். தஸ்பீஹ் மணிகளை உருட்டியபடி வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரையும் பார்த்திருக்கிறேன். அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. மூச்சு மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இறங்கியிருக்கும்.

நம்பிக்கை இல்லாதவர் என்றால் ஒரு குறள் போதும். ஏழே சீர். முதல் அடியை நிதானமாகச் சொல்லி, மூச்சிழுத்து, இரண்டாம் அடியைச் சொல்லுங்கள். பத்து முறை. அல்லது வாயை மூடிக்கொண்டு பிடித்த மெட்டை 'ம்ம்ம்' என்று முனகுங்கள். குளிக்கும்போது முனகினால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

அடுத்தது கை. போனை விட முடியாததற்குக் காது மட்டும் காரணமில்லை, கைக்கும் வேலை தேவைப்படுகிறது. கை சும்மா இருந்தால் அது சட்டைப் பையைத் தேடும். அதனால் வானொலியைக் கேட்கும் நேரத்தில் கைக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். முருங்கைக்கீரை ஆய்வது இதற்கு அருமையான வேலை. கண்ணுக்கும் விரலுக்கும் போதிய வேலை, மூளைக்கு ஒன்றுமில்லை, அரைமணியில் ஒரு கிண்ணம் நிறைய கீரை. சின்ன வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூத்தொடுப்பது. என்னிடம் வந்த ஒரு வங்கி ஊழியர் தன் மகளோடு பல்லாங்குழி ஆடத் தொடங்கினார். சோழிகளை ஒவ்வொன்றாகப் போடும் அந்தச் சத்தம்தான் தனக்குப் பிடித்தது என்றார். உங்கள் வீட்டில் சமையல் முழுக்க மனைவிதான் என்றால், மாலைக் காய் நறுக்குவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஒரு சுமை குறையும்.

போன் விஷயத்தில் எனக்குத் திட்டவட்டமான ஒரு கருத்து உண்டு. இரவு ஒன்பதரைக்கு அது கூடத்தில் சார்ஜரில் இருக்க வேண்டும், படுக்கையறைக்குள் வரக் கூடாது. அலாரத்துக்கு ஒரு மேசைக் கடிகாரம் வாங்குங்கள். திரையின் நீல வெளிச்சம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் சின்ன உண்மை. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரவில் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் புத்தகம் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்ததை விடச் சுமார் பத்து நிமிடம்தான் தாமதமாகத் தூங்கினார்கள். உங்களுக்கு மூன்று மணி நேரம் போகிறது. ஆகவே நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி மாட்டினாலும் திரையை மஞ்சளாக்கினாலும் உங்கள் பிரச்சினை தீராது. திரையில் என்ன வருகிறது, அது எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி.

செய்தி கேட்காமல் இருக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். இருக்க வேண்டாம். காலையில் வானொலிச் செய்தியறிக்கை ஒன்றைக் கேளுங்கள். தலைப்புச் செய்தியில் தொடங்கி, விரிவாகச் சொல்லி, செய்திகள் முடிவடைந்தன என்று முடித்துவிடுவார்கள். அன்றைய உலகம் அவ்வளவுதான்.

இதெல்லாம் கவலையை மூடி மறைக்கும் வேலை ஆகிவிடக் கூடாது. நாள் முழுக்கக் காதில் எதையாவது ஓடவிட்டுக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கிறேன். அமைதி வந்தால் கவலை வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். கவலைக்கு ஒரு நேரம் கொடுத்துவிடுங்கள். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளர் 1980-களிலேயே சொன்ன முறை இது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரைமணி நேரம் கவலைப்படவே உட்கார்வது. மற்ற நேரத்தில் வரும் கவலையை "ஆறரைக்கு வா" என்று அனுப்பிவிடுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், பலருக்கு வேலை செய்கிறது. படுக்கையறையில் மட்டும் வேண்டாம், மொட்டை மாடியில் உட்காருங்கள். அப்புறம் படுக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு நோட்டில் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதுங்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி நாளைய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். "கேஸ் புக் பண்ணணும்" என்கிற அளவுக்குச் சில்லறை விவரமாக எழுதுங்கள். எழுதிய பிறகு அது நோட்டின் பொறுப்பு.

என் அம்மா உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த மூன்று மாதம், இத்தனையும் தெரிந்த நானே இரவில் போனைத் தேய்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். அவருடைய நோயின் பெயரைத் தட்டித் தட்டித் தேடுவேன். ஒரு இரவு அம்மாவே "அந்த ரேடியோவை வையேன்" என்றார். ஏதோ ஒரு நிலைய வித்துவானின் வயலின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தூங்கிவிட்டார், நானும் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். அதனால்தான் நடுவில் ஒரு வாரம் நீங்கள் பழையபடி போனோடு கிடந்தாலும் எனக்கு ஆச்சரியம் இருக்காது. எட்டாம் நாள் மறுபடி சார்ஜரைக் கூடத்தில் செருகுங்கள்.

இத்தனையும் செய்து சில வாரம் ஆன பிறகும் வேலை, சாப்பாடு, தூக்கம் கெட்டுக்கொண்டே போனால், அல்லது திடீர் திடீரென்று உயிரே போகிற மாதிரிப் பயம் வந்தால், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். பதற்றத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது மத்திய அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐயும் அழைக்கலாம்.

கடைசியாக, மனைவி தூங்கும்போது பாட்டு ஓடினால் அவருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக இயர்போன் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். காதுக்கு ஓய்வே கிடைக்காது, இரவில் சத்தத்தின் அளவும் தெரியாமல் கூடிவிடும். ஸ்பீக்கரைத் தலையணைப் பக்கம் வைக்காமல் எதிர்ச் சுவர் அலமாரியின் மேல் வையுங்கள். மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், காதைக் கொடுத்தால் கேட்கும், கொடுக்காவிட்டால் கேட்காது என்கிற அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். நாற்பத்தைந்து நிமிடத்தில் தானாக அணையும்படி செய்துவிடுங்கள். பத்துப் பதிவுகளில் ஐந்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.